பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்?

விடியற்காலை ஐந்து மணிக்கு வாலாஜாபாத் பேருந்து நிலையத்தருகே நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். தொழிற்சாலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரகடம் சாலையில் திரும்பும். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சோற்றுப் பையுமாக இளம்பெண்கள் அரைத் தூக்கத்தில் ஏறுவார்கள். அவர்களுள் ஒருத்தியேனும் இடுப்பில் குழந்தையோடு நிற்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் ஒரு நாள் அவ்வாறு நின்றேன். ஓட்டுநர் நல்ல மனிதர், கடிந்துகொள்ளவில்லை. “குழந்தையை ஏற்ற எனக்கு அனுமதி இல்லையே அம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். வேலைக்குச் சேர்ந்த பதினோராம் நாள் அது. அதுவே என் தொழிற்சாலை வேலையின் கடைசி நாளும் ஆயிற்று.

என் துன்பத்தைச் சொல்லி இரக்கம் தேடுவதற்காக இதை எழுதவில்லை. துணையின்றித் தனித்து நின்று பிள்ளை வளர்ப்போர் நம் தெருக்களில் பலர் இருக்கின்றனர். அவர்களுக்கு ஒரு வேலை தேடித் தரவேண்டும் என்று நினைக்கும் நல்ல உள்ளங்களும் இருக்கின்றன. அவ்விரு சாராருக்கும் நான் பட்டறிந்த ஒன்றைச் சொல்ல விழைகிறேன். அவ்வளவே.

கேட்கப்பட்ட கேள்வி

2022-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் என் கணவர் இரவுப் பணி முடித்து இருசக்கர வண்டியில் வீடு திரும்புகையில் லாரி மோதி இறந்தார். அப்போது மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு ஒன்றேகால். முப்பதாம் நாள் வரை வீடு உறவினரால் நிறைந்திருந்தது. முப்பத்தோராம் நாள் நாங்கள் மூவர் மட்டும் இருந்தோம். என் பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர். மாமியார் பக்கவாதத்தால் படுத்த படுக்கையாக, உத்திரமேரூரில் கொழுந்தனார் வீட்டில் இருந்தார். இழப்பீட்டு வழக்கு நீதிமன்றத்தில் இருந்தது. வழக்கு நடக்கிறதென்பதற்காக அரிசிக்கடைக்காரர் காத்திருப்பாரா?

எங்கள் சிற்றூர் வாலாஜாபாத்தை அடுத்துப் பாலாற்றுப் பக்கம் உள்ளது. அங்கிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டரில் ஒரகடம், அதற்கப்பால் திருப்பெரும்புதூர். ஆயிரக்கணக்கில் பெண்களுக்கு வேலை தரும் ஆலைகள் இருக்கையில் உனக்கென்ன கவலை என்று எல்லாரும் கூறினர். ஆள்சேர்க்கும் முகவர் என் பள்ளிச் சான்றிதழைப் பார்த்துத் தலையசைத்தார். பின்பு, “பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்?” என்று கேட்டார். “என் மாமியார்” என்றேன். பொய்தான். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மேசையிலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டிருப்பேன்.

உண்மையில் மகனைப் பார்த்துக்கொண்டவர் அண்டை வீட்டு ஆயா. வயது எழுபதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் நெசவாளர்களுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தவர். மகளோ, நான் ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவதால், தானே தலைவாரிக்கொண்டு, கதவைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். ஆறு வயதுக் குழந்தை! பத்து நாள் இப்படி ஓடியது. பதினோராம் நாள் ஆயாவுக்குக் காய்ச்சல். மற்றவற்றை முன்னரே சொல்லிவிட்டேன்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், முப்பது பெண்களுக்கு மேல் பணிபுரியும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்று 48-ஆம் பிரிவில் விதித்தது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது பேர் பணிபுரியும் நிறுவனங்கள் காப்பக வசதி செய்து தரவேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றும் கூறியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் ஐம்பது பேர் என்ற அளவு உள்ளது. நான் பணி செய்த இடத்திலும் ‘குழந்தைகள் அறை’ என்று எழுதிய ஒரு கதவைப் பார்த்தேன். அது பூட்டியிருந்தது. உள்ளே அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன என்று உடன் வேலை செய்தவள் சொன்னாள். திறந்திருந்தாலும் எனக்கென்ன பயன்? அறை ஆலையில் இருக்கிறது; பிள்ளை வீட்டில் இருக்கிறான்; நடுவே குழந்தையை ஏற்றாத பேருந்து ஓடுகிறது. பணி நேரமோ ஒரு வாரம் விடியற்காலை, மறுவாரம் பிற்பகல், அதற்கடுத்த வாரம் இரவு. பால்வாடி காலையில் திறந்து பிற்பகலில் மூடிவிடும். இரண்டு வயது நிரம்பிய பிறகே பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள்.

என்னால் நிரப்ப முடியாத கட்டம்

உறவினர் ஒருவர் ஒரு வழி சொன்னார். மகளை ஒரு விடுதியில் சேர்த்துவிட்டால், மகனை மட்டும் எப்படியாவது சமாளித்துக்கொண்டு வேலைக்குப் போகலாம் என்றார். பலரும் செய்வதுதானே என்று நானும் மனத்தைத் தேற்றிக்கொண்டு, அருட்சகோதரிகள் நடத்தும் சிறுமியர் விடுதி ஒன்றுக்கு அவளை அழைத்துச் சென்றேன். அவள் அழவில்லை. தன் துணிகளைத் தானே மடித்துப் பையில் வைத்திருந்தாள். அவள் அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

விண்ணப்பத் தாளில் ‘சேர்ப்பதற்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவை எடுத்து ‘வேலை’ என்று எழுதினேன். எழுதிய பிறகு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்காக வேலை தேடுகிறேனோ, அந்தப் பிள்ளையை அந்த வேலைக்காகவே விட்டுச் செல்கிறேன். இது என்ன கணக்கு?

விடுதித் தலைவி நெடுநேரம் என்னைக் கவனித்திருக்க வேண்டும். “இங்கே இருக்கும் பிள்ளைகளுள் பலருக்குத் தாய் இருக்கிறார் அம்மா. ஞாயிறு மாலையில் வாயிலில் நின்று பார்த்தால் தெரியும்” என்றார். பிறகு, காஞ்சிபுரத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்றோர் அலுவலகம் இருப்பதையும், தந்தையை இழந்த பிள்ளை தாயோடு வீட்டிலேயே வளர்வதற்காக நிதி ஆதரவு என்னும் உதவி உண்டு என்பதையும் எடுத்துரைத்தார். அத்தகைய பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் என்று 2022-இல் மிஷன் வாத்சல்யா நெறிமுறைகள் வகுத்திருந்தன. குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும், பிற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேற்படலாகாது என்பது அதன் விதி. விதவை, மணவிலக்குப் பெற்றவர், கைவிடப்பட்டவர் ஆகியோரின் பிள்ளைகளை அது குறிப்பாகவே சொல்கிறது. கணவர் இறந்து மாதங்கள் சென்றும் இப்படியொன்று இருப்பதை எனக்கு எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தாளைக் கிழித்துவிட்டு மகளோடு வீடு திரும்பினேன்.

ஏரிக்கரையில் கற்ற பாடம்

உதவி கிடைக்கும் வரை சாப்பிட வேண்டுமே! அந்தக் கோடையில் நூறு நாள் வேலைக்குச் சென்றேன். ஏரி வரத்துக்கால்வாய் தூர்வாரும் பணி. மகனைப் புளியமர நிழலில் உட்காரவைத்துவிட்டு மண் சுமந்தேன். என்னைப் போலவே நால்வர் பிள்ளைகளைக் கொண்டுவந்திருந்தனர். மூன்றாம் நாள் பணித்தளப் பொறுப்பாளர் என்னை அழைத்து, “நாளை முதல் நீ மண் தூக்க வேண்டாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்” என்றார். எனக்குத் திகைப்பாக இருந்தது. கூலி குறையுமோ என்று அஞ்சினேன். குறையாது என்றார்.

அது அவருடைய சொந்தக் கருணை அன்று. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்திலேயே அவ்விதி இருந்தது. வேலைத்தளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ இருந்தால், பெண் ஒருவரை அவர்களைக் கவனிக்க அமர்த்த வேண்டும். அவருக்கும் மற்றவர்களைப் போலவே கூலி தரவேண்டும். அவ்வாண்டு தமிழகத்திற்கு வரையறுக்கப்பட்ட நாட்கூலி 281 ரூபாய். 2025-இன் இறுதியில் அச்சட்டத்திற்கு மாற்றாக வேறொரு சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. எனினும், அந்தப் புளியமர நிழலில் நான் கற்றது மறக்கவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்வது வேலைக்கு நடுவே வரும் இடையூறு என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அதுவும் ஒரு வேலைதான், மண் சுமப்பதற்கு ஈடான வேலைதான் என்று ஒரு சட்டம் எழுதி வைத்திருந்தது.

ஐந்து மணி நேரம்

செப்டம்பரில் எனக்கு உகந்த வேலை ஒன்று வாய்த்தது. ஒரகடம் சாலையில் உள்ள ஓர் ஆலையின் கான்டீனில் காய் நறுக்குதல், பரிமாறுதல், பாத்திரம் ஒழுங்குபடுத்துதல். காலை ஒன்பதரை முதல் பிற்பகல் இரண்டரை வரை; மாதம் 26 நாள்; ஊதியம் 4,500 ரூபாய். தொகை சிறிது, ஆனால் நேரம்! மகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் போகலாம். அவள் திரும்பும் முன் நான் வீட்டில் இருக்கலாம். அக்டோபரில் மகனுக்கு இரண்டு வயது நிரம்பியதும் பால்வாடியில் சேர்த்தேன். அது திறப்பதற்கு முன் அரை மணி நேரமும் மூடிய பின் சிறிது நேரமும் ஆயா பார்த்துக்கொண்டார். அவ்வளவு அவர் உடம்பும் தாங்கியது. 2023 ஆகஸ்டு முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் காலை உணவு வழங்கப்பட்டபோது மகளின் பள்ளிக்கும் அது வந்தது. அந்த ஒரு தட்டு உப்புமா என் காலைப் பொழுதில் அரை மணி நேரத்தை எனக்குத் திருப்பித் தந்தது.

விதவையர் உதவித்தொகை மாதம் 1,000 ரூபாயாக இருந்தது, 2023-இல் 1,200 ஆயிற்று. சான்றிதழ்கள் எல்லாம் சேர்த்து விண்ணப்பித்ததில், அவ்வாண்டிலேயே மகளுக்கு 4,000 ரூபாய் நிதி ஆதரவும் கிடைத்தது. மகள் வீட்டிலேயே இருந்தாள். வீட்டில் விளக்கு எரிந்தது.

2024-இல் கான்டீன் மேற்பார்வையாளர் என்னை அழைத்தார். “நன்றாக வேலை செய்கிறீர்கள் அம்மா. முழு நேரம் வந்துவிடுங்கள். 9,500 தருகிறோம்” என்றார். அன்றிரவு மகளின் பழைய நோட்டில் கணக்குப் போட்டேன். முழு நேர ஊதியம் ஆண்டுக்கு 1,14,000 ரூபாய்; அதாவது 72,000 என்ற எல்லைக்கு மேல். நிதி ஆதரவு நின்றுவிடும். அரை நேர ஊதியமும் அந்த உதவியும் சேர்ந்தால் 8,500. ஆக, மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் பெற, நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் வீதம் 78 மணி நேரம் உழைக்க வேண்டும். மணிக்குப் பதின்மூன்று ரூபாய்கூடத் தேறவில்லை! அந்த மூன்று மணி நேரத்துக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்தினால் அந்த ஆயிரமும் போதாது.

மேற்பார்வையாளர் நல்லெண்ணத்தோடு வேறொரு வழியும் சொன்னார். கூடுதல் பணத்தைக் கையில் தந்துவிடுவதாகவும், கணக்கில் பழைய ஊதியமே இருக்கட்டும் என்றும் கூறினார். யாருக்குத் தெரியப்போகிறது? மனம் ஒரு கணம் சாய்ந்தது, மறைக்கவில்லை. ஆனால், முன்பு ஒரு பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்தவள் நான். அந்தப் பொய் பதினொரு நாள்தான் தாங்கியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முழு நேரத்தாருக்குரிய சேமநல நிதியும் அதோடு போயிற்று. அந்த இழப்பு இன்றும் உறுத்துகிறது.

இரண்டு கோடுகள்

என் சித்தி மகள் இங்கிலாந்தில் செவிலியாகப் பணிபுரிகிறாள். அவளிடம் இதைச் சொன்னபோது, தன் மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்யும் ஒரு தனித்தாயைப் பற்றிச் சொன்னாள். அந்நாட்டில் குறைந்தபட்சக் கூலி வீதத்தில் வாரம் 16 மணி நேர ஊதியமாவது ஈட்டும் பெற்றோருக்கு, ஆண்டில் 38 வாரங்கள், வாரம் 30 மணி நேரம் குழந்தைக் காப்புச் செலவை அரசே ஏற்கிறது. 2025 செப்டம்பர் முதல் ஒன்பது மாதக் குழந்தைக்கே இவ்வுரிமை உண்டு. எனவே அந்தப் பெண் வேறெதையும் பாராமல் பதினாறு மணி நேர வேலை ஒன்றைத் தேடிப் பிடித்தாளாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தான் இன்னும் வேலையில் இருப்பதை உறுதிசெய்யவும் வேண்டுமாம்.

நம் நாட்டிலும் இதைப் போன்ற விதி இருந்தது. தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளையைச் சேர்க்க, தாய் மாதத்தில் 15 நாளோ ஆண்டில் ஆறு மாதமோ வேலை செய்பவளாக இருக்க வேண்டும் என்றிருந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு மாதக் கட்டணம் 20 ரூபாய்தான். எங்கள் சிற்றூரில் அத்தகைய காப்பகம் இல்லை. இருந்திருந்தால் அதன் வாயிலில் முதலில் நின்றிருப்பேன்.

இந்த விதி புதிதன்று. 1844-இல் பாரிசு நகரில் பிர்மேன் மார்போ என்பவர் ஏழைத் தாய்மாரின் கைக்குழந்தைகளுக்கென முதல் காப்பகத்தைத் திறந்தபோதே, தாய் வெளியே சென்று உழைப்பவளாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அவர் அதற்கு வைத்த பெயர் ‘கிரெஷ்’. அம்மொழியில் அதற்குத் தீவனத் தொட்டி என்று பொருள். பெத்லகேமின் தொட்டி அது. சத்திரத்தில் இடமின்றி, கிடைத்ததைத் தொட்டிலாக்கிக்கொண்ட ஒரு தாயின் நினைவு அப்பெயரில் இருக்கிறது.

ஆக, தனித்து நிற்கும் தாயின் முன் இரண்டு கோடுகள் போடப்பட்டுள்ளன. இவ்வளவாவது உழைத்தால்தான் உன் பிள்ளைக்கு இடம் என்கிறது கீழ்க்கோடு. இதற்கு மேல் ஈட்டினால் உன் பிள்ளைக்கு உதவி இல்லை என்கிறது மேற்கோடு. நடுவிலுள்ள குறுகிய வரப்பில்தான் அவள் நடக்க வேண்டும். கோடு போட்டவர்களை நான் குறைகூறவில்லை. இருப்பதைப் பகிர்ந்தளிப்பவர் எங்காவது கோடு போட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால், வேலை கேட்டால் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்கிறார்கள். பிள்ளைக்கு இடம் கேட்டால் வேலை எங்கே என்கிறார்கள். இந்த முடிச்சை எந்த முனையிலிருந்து அவிழ்ப்பது? பிள்ளையின் முனையிலிருந்துதான் என்பதே என் அனுபவம். ஆயாவின் திண்ணை முதலில் கிடைத்தது. அதன் பிறகே கான்டீன் வேலை நிலைத்தது.

மூன்று மணி நேரம் எங்கே போயிற்று?

நான் விற்க மறுத்த அந்த மூன்று மணி நேரத்தின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் தெருவில் கணவன் விட்டுச் சென்ற இளம்பெண் ஒருத்தி இருக்கிறாள். நான்கு வயதில் ஒரு மகள். அவள் நிலை என்னுடையதினும் கடினம். கணவர் இறந்ததற்கு என்னிடம் ஒரு சான்றிதழ் இருந்தது. விட்டுச் சென்றவனுக்கு எந்த அலுவலகத்தில் சான்றிதழ் வாங்குவது? கைவிடப்பட்ட பெண்டிருக்கான உதவித்தொகைக்கு ஐந்தாண்டுப் பிரிவையோ நீதிமன்ற ஆணையையோ காட்ட வேண்டியிருந்தது. அவளுக்கு இரண்டாண்டு கூட ஆகவில்லை.

“பால்வாடி விட்டதும் உன் மகள் என் வீட்டுக்கு வரட்டும். நீ வரும்வரை என் பிள்ளைகளோடு இருக்கட்டும்” என்றேன். கூலி பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் பிள்ளைகளை அவள் பார்த்துக்கொள்கிறாள். நான் வீட்டுவேலைகளை முடித்துக்கொள்கிறேன். ஆயாவும் திண்ணையில் அமர்ந்து மூன்று பிள்ளைகளையும் அதட்டிக்கொண்டிருக்கிறார்.

அன்பு வாசகர்களே, உங்கள் தெருவில் தனித்து நிற்கும் ஒரு தாயோ, மனைவியை இழந்த ஒரு தந்தையோ இருந்தால், “வேலைக்குப் போகலாமே” என்று அறிவுரை கூறுமுன் அவர்களுடைய பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை உங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகும் நாளில் உடன் செல்லுங்கள். ஆட்களை அமர்த்தும் நிலையில் இருப்பவர்களானால், ஒன்பதரை முதல் இரண்டரை வரை ஒரு வேலை உங்கள் நிறுவனத்தில் இருக்கக்கூடுமா என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு சிறு பட்டறையில் வேலை கிடைத்தது. பகல் பணி மட்டும். மாலை ஏழு மணிக்குள் வீடு வந்துவிடுகிறாள். வேலைக்குச் சேரப்போன அன்று அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டார்களாம். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்? அவள் என் பெயரைச் சொன்னாளாம்.

அது பொய்யன்று.